ஓலையும் இரும்பும் தொடும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

பெட்டி இழைக்கும் முறை, மெழுகு வார்ப்பு, கோயில் சுதை வேலை, தகட்டுக் கவச வேலை. இவற்றைக் கட்டுக்கம்பி, சீமெந்து, பரல் தகரம், பழைய அலுமினியம் ஆகியவற்றோடு சேர்த்துச் சிற்பம் செய்ய முயலும் வன்னி வாசகர்களின் கேள்விகளுக்கு இம்முறை பதில் தருகிறோம். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நின்றன: இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் இடம். கறுப்பதும் வெடிப்பதும் கழலுவதும் அங்கேதான்.

கேள்வி: கடகம் இழைக்கும் முறையிலேயே கம்பியால் பெரிய உருவம் செய்ய முயன்றேன். கம்பி ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறது. கையை எடுத்தால் உருவம் குலைகிறது. ஓலையில் நிற்பது கம்பியில் ஏன் நிற்கவில்லை?
– உயர்தர சித்திரப் பாட மாணவி, கிளிநொச்சி

பதில்: ஓலை தட்டை, தங்கச்சி. ஒரு ஓலைக்கீற்று மற்றதன் மேலேறி இறங்கும்போது அதன் அகலம் முழுவதும் உரசிப் பிடிக்கும். கம்பி உருண்டை. இரண்டு உருண்டைகள் ஒரு புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளியில் பிடிப்பு இல்லை. எனவே இரண்டில் ஒன்றை மாற்ற வேண்டும்: பொருளை அல்லது பின்னலை.

பொருளை மாற்றுவதென்றால் தட்டையான உலோகம் எடுங்கள். கட்டடப் பொருள் கட்டுகளைச் சுற்றி வரும் இரும்புப் பட்டி 16 அல்லது 19 மி.மீ. அகலத்தில் இருக்கும், பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். அது வில்போல விறைத்தது. கடகத்தின் மூலை மடிக்கும் இடத்தில் அப்படியே மடித்தால் வெடிக்கும். மடிப்பு வரும் இடத்தை மட்டும் மங்கல் சிவப்பாகக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுங்கள், பிறகு இளகும். பால்மாப் பேணி, எண்ணெய்த் தகரம் என்றால் 21 மி.மீ. அகலத்துக்கு வெட்டி, இருபுறமும் 3 மி.மீ. உள்ளே மடித்துத் தட்டுங்கள். 15 மி.மீ. பட்டி வரும், விளிம்பு கையைக் கிழிக்காது. ஓலையை நெருக்கித் தட்டி இறுக்கலாம், தகரத்தை நெருக்கினால் நடுவில் மேலெழும். பட்டிகளுக்கிடையே நகம் நுழையும் அளவு இடைவெளி விட்டே இழைக்க வேண்டும்.

பின்னலை மாற்றுவதென்றால், கம்பி வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோக்கும் கண்ணிப் பின்னல் இருக்கிறது. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவா (1926–2013) 1947இல் மெக்சிக்கோவின் தொலூக்காவில் ஊர்மக்கள் கம்பிக் கண்ணிகளால் கூடை செய்வதைக் கண்டு, அந்த முறையைக் கற்றுக்கொண்டார். பிறகு அதே பின்னலில் கூரையிலிருந்து தொங்கும், உருவத்துக்குள் உருவம் தெரியும் சிற்பங்களைச் செய்தார். கூடை செய்யும் கையசைவை அவர் மாற்றவேயில்லை. கூடை முடிய வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் உள்ளே திருப்பினார், அவ்வளவுதான். உங்கள் கடகத்தையும் அப்படிப் பாருங்கள்.

செய்முறை: 18 கேஜ் கட்டுக்கம்பி, ஏறக்குறைய 1.2 மி.மீ. தடிப்பு. ஒரு கிலோவில் சுமார் 110 மீற்றர் வரும். 3 மி.மீ. கம்பியில் 5 செ.மீ. விட்டமுள்ள வளையம் ஒன்று செய்து, அதில் 12 கண்ணிகள் போடுங்கள். கண்ணி ஒரே அளவாக வர, சுண்டுவிரல் தடிப்புள்ள சீவிய தடியை உள்ளே வைத்து இழுங்கள். அடுத்த வரிசையின் ஒவ்வொரு கண்ணியும் மேல் வரிசைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைந்து வரவேண்டும். அகலிக்க வேண்டுமானால் நாலு கண்ணிக்கு ஒருமுறை ஒரே கண்ணிக்குள் இரண்டு போடுங்கள். ஒடுக்க வேண்டுமானால் இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். கம்பியை 2, 3 மீற்றர் துண்டுகளாகவே எடுங்கள். நீளம் கூடினால் முறுக்கு விழும். முறுக்கை நிமிர்த்திய இடம் பிறகு முறியும். வேலையைத் தரையில் வைக்காமல் தொங்கவிட்டுச் செய்யுங்கள், சாய்வு உடனே கண்ணில் படும்.

பழைய மோட்டாரில் சுற்றிய செப்புக்கம்பியும் நல்லது. ஆனால் வளைக்க வளைக்க விறைக்கும். மங்கல் சிவப்பாகக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மீண்டும் இளகும். அதன் மேலுள்ள அரக்குப் பூச்சு எரியும்போது வரும் புகை கூடாது. வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று எரியுங்கள். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும். அதன்மேல் சவர்க்காரத்தைத் தேய்த்து, அந்தத் தடம் கறுக்கும்வரை மட்டும் சூடாக்குங்கள். வெளியில் மழையில் நிற்கப்போகும் வேலையில் செம்பையும் இரும்பையும் நேரே தொடவிடாதீர்கள்; தொடும் இடத்தில் இரும்பு விரைவாகக் கறள் பிடிக்கும்.

கேள்வி: இரும்புச் சட்டகத்தில் பனையோலைப் பின்னலைக் கட்டி, வாசிகசாலை விறாந்தையில் வைத்தோம். ஒரு மாரி கடந்ததும் ஓரங்கள் மைபோலக் கறுத்துவிட்டன. நடுவில் பூஞ்சணம். வார்னிஷ் அடித்துத்தான் வைத்தோம்.
– முழங்காவில் வாசகர்

பதில்: இரண்டு வெவ்வேறு குற்றங்கள் ஒரே வேலையில் சேர்ந்திருக்கின்றன.

ஓரக் கறுப்பு உண்மையில் மைதான். ஓலையிலும் நாரிலும் உள்ள துவர்ப்புப் பொருள் ஈரத்தில் கசிந்து இரும்போடு சேர்ந்தால் கருநிறம் வரும். பழைய நாள்களில் கடுக்காயையும் இரும்பையும் கூட்டி மை செய்தது இதே விதத்தில்தான். ஆகவே ஓலையும் இரும்பும் எங்கும் நேரே தொடக்கூடாது. சட்டகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கறள் தடுக்கும் அன்ரிகொரோசிவ் பெயின்ற் இரண்டு பூச்சும் மேற்பூச்சு ஒன்றும் அடியுங்கள். அதற்குமேல் பழைய சைக்கிள் ரியூப்பை 2 செ.மீ. பட்டியாக வெட்டி, ஓலை வரும் பக்கம் முழுவதும் சுற்றுங்கள். கட்டுவதற்குக் கட்டுக்கம்பி வேண்டாம். கறள் பிடிக்காத எவர்சில்வர் கம்பி, இல்லாவிட்டால் நைலோன் மீன்பிடி நூல் போதும். கீழ்ச் சட்டத்தில் 15 செ.மீ.க்கு ஒரு துளை போட்டுத் தண்ணீர் இறங்க வழிவிடுங்கள். ஓலையின் அடி விளிம்பு சட்டத்தில் உட்காராமல் ஒரு விரல் உயரத்தில் நிற்கட்டும்.

பூஞ்சணத்துக்குக் காரணம் அந்த வார்னிஷ். ஓலை முழுதும் உலராமல் மேலே பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். பூசுவதற்கு முன் 10 லீற்றர் தண்ணீரில் போராக்ஸ் 300 கிராம், போரிக் அமிலம் 200 கிராம் கரையுங்கள். வெந்நீரில் கரைத்தால் சுலபம். கிழித்துச் சீவிய ஓலையை இழைப்பதற்கு முன் ஒரு முழு நாள் அதில் ஊறவிட்டு, நிழலில் உலர்த்துங்கள். மூங்கிலைப் பூச்சி, பூஞ்சணத்திலிருந்து காக்கப் பயன்படும் அதே கரைசல் இது. சமையல் பாத்திரத்தில் செய்ய வேண்டாம். மழை நேரே அடித்தால் மருந்து கழுவுப்பட்டுப் போகும். அதனால் கூரைக்குக் கீழேயுள்ள வேலைக்கு மட்டுமே இது. சாயம் போட எண்ணினால் மருந்துக்கு முன்னரே சாயத்தில் அவித்துவிடுங்கள்.

எவ்வளவு கவனித்தாலும் வெயில் படும் ஓலை சில வருடங்களில் சாம்பல் நிறமாகி நொருங்கும். அதைக் குறையாக எடுக்காதீர்கள். வேலியும் கூரையும் வருடாவருடம் மாற்றி மேய்ந்த ஊர் இது. சட்டகம் நிலையாக நிற்க, ஓலைப் பலகம் மட்டும் நாலு போல்ற்றில் கழன்று வருமாறு முதலிலேயே வடிவமைத்துவிட்டால், சிற்பத்துக்கு வயது போகாது.

கேள்வி: பாடசாலை வளவில் சீமெந்தால் ஆளுயரச் சிலை ஒன்று செய்தோம். இரண்டு வருடத்தில் கணுக்காலைச் சுற்றி வெடிப்பு, மண்ணிறக் கசிவு. சீமெந்து நல்ல சீமெந்துதான்.
– சித்திர ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: சீமெந்தில் குற்றம் இருக்காது. முதலில் மணலைச் சந்தேகியுங்கள். நல்ல சீமெந்தின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படையை உண்டாக்கிக் கறளைத் தடுக்கும். மணலில் உள்ள உப்பு அந்தக் காப்பைத் துளைத்துவிடும். கறள் இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அது உள்ளிருந்து பிளக்கிறது. கணுக்காலில் பூச்சு மெல்லியது, முழுப் பாரமும் அங்கேதான் இறங்குகிறது, மழை நீரும் பீடத்தில் தேங்கி அங்கேதான் ஊறுகிறது.

பாடசாலை என்பதால் ஒரு வசதி உண்டு. மணலில் ஒரு பிடியைக் காய்ச்சி வடித்த நீரில் கலக்கித் தெளியவிட்டு, உயர்தர இரசாயன ஆய்வுகூடத்தில் அந்தத் தெளிவில் சில துளி வெள்ளி நைத்திரேற்று விடுங்கள். பால்போல வெண்மை திரண்டால் அந்த மணல் வேண்டாம். வேறு வழியில்லாவிட்டால் நல்ல நீரில் மூன்று நாலு தரம் அலசி மீண்டும் சோதியுங்கள். குழைக்கும் தண்ணீரையும் அப்படியே பாருங்கள்; கரையோரக் கிணறு பலது உவர்.

அடுத்த சிலைக்கான அளவுகள்:

இரண்டு கால்களுக்குள்ளும் 12 மி.மீ. கம்பி இரண்டிரண்டு, பீடத்துக்குள் இரண்டு அடி இறங்கி, அடியில் எல் வடிவில் மடங்கி நிற்கவேண்டும். உடம்புக்கு 6 மி.மீ. கம்பியால் கூடு. அதன்மேல் உள்ளும் புறமுமாகக் கோழிவலை இரண்டு மடிப்பு. உள்ளங்கை அகலத்துக்கு ஒருமுறை கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். வலை தளர்ந்திருந்தால் பூசும்போது துள்ளும், பூச்சின் பின்னால் வெற்றிடம் விழும்.

கலவை: சீமெந்து 1, சலித்த மணல் 2, நிறையில். 5 கிலோ சீமெந்துக்குத் தண்ணீர் 2 லீற்றர், அதற்குமேல் வேண்டாம். இளக்கமாக இருந்தால் பூச இலகு. உலரும்போது தண்ணீர் விட்டுப்போன இடமெல்லாம் நுண்துளைகளாகும். சிறிது சிறிதாகக் குழைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். முதற் பூச்சை விரலால் வலைக்குள் அழுத்தி மறுபக்கம் பிதுங்கச் செய்து, மேலே ஆணியால் கீறிவிடுங்கள். மறுநாள் இரண்டாவது. மொத்தத் தடிப்பு 20–25 மி.மீ.; கரையோரத்தில் வலைக்கு மேல் 10 மி.மீ. ஆவது சீமெந்து மூடியிருக்க வேண்டும். இந்தத் தடிப்பில் ஒரு சதுர மீற்றர் ஏறக்குறைய 55 கிலோ நிறை. 50 கிலோ மூட்டை ஒன்று 3 சதுர மீற்றர் அளவுக்குப் போதும்.

சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பூசினால், மேற்பரப்பு ஒரு மணித்தியாலத்திலேயே வறண்டு மயிரிழை வெடிப்பு விழும். கிடுகால் மறைத்து, நனைத்த சாக்கைச் சுற்றி, 14 நாள் ஈரம் காயாமல் வையுங்கள். சுண்ணாம்பு, மணல், கருப்பட்டி, கடுக்காய் நீர் கொண்டு சுதை செய்த ஆசாரிகள் மெல்லிய பூச்சாகப் பூசி, நாள்கணக்கில் நனைத்துத் தேய்த்தார்கள். பொருள் சீமெந்தாக மாறியும் அந்தப் பொறுமை அப்படியே தேவைப்படுகிறது. அவசரம்தான் பல சிலைகளைக் கெடுத்திருக்கிறது.

இப்போதுள்ள சிலையைக் காப்பாற்றலாம். வெடித்த இடத்தை நல்ல கம்பி தெரியும்வரை உளியால் கொத்தி எடுத்து, கறளைப் பளபளப்பு வரும்வரை தேய்யுங்கள். கம்பியின் தடிப்பில் கால்பங்குக்கு மேல் போயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி வைத்து வெல்டிங்கால் ஒட்டுங்கள். பிறகு சீமெந்துப் பால் தடவி, அது காயுமுன் கலவையை அழுத்துங்கள். பீடத்தின் மேற்பரப்பை வெளிப்பக்கம் சரிவாக்காமல் விட்டால் இதே இடம் மறுபடி வெடிக்கும்.

கேள்வி: காட்டுத் தேன் எடுப்பவர்களிடம் மெழுகு வாங்கலாம். பழைய அலுமினியமும் இருக்கிறது. சுவாமிமலை முறையில் மெழுகு வார்ப்பை அலுமினியத்தில் செய்ய முடியுமா? வெண்கலத்துக்கு வசதி இல்லை.
– ஒட்டுசுட்டான் இளைஞர்

பதில்: முடியும், தம்பி. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி இறக்கிய வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுவதுதான் இந்த முறை. அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். வெண்கலத்துக்கு வேண்டிய சூட்டைவிட மிகக் குறைவு. ஆனால் குறைந்த சூடு என்பதால் குறைந்த ஆபத்து என்று நினைக்க வேண்டாம். உருகிய அலுமினியம் பகல் வெளிச்சத்தில் சிவந்து தெரியாது. பாதரசம் போல அமைதியாக இருக்கும். காலில் பட்டால் எலும்புவரை சுடும்.

மெழுகுக் கூட்டு: தேன்மெழுகு 4, குங்கிலியம் 4, கடலை எண்ணெய் 1. குங்கிலியத்தைப் பொடித்து முதலில் உருக்கி, மெழுகைச் சேர்த்து, துணியில் வடித்துத் தண்ணீரில் ஊற்றுங்கள். வன்னி வெயிலில் மதியம் மெழுகு உருவத்தின் விரல்கள் துவளும். அப்போது எண்ணெயைப் பாதியாக்குங்கள், அல்லது காலையிலேயே வேலையை முடித்து உருவத்தைத் தண்ணீருக்குள் வையுங்கள்.

உருவம் முடிந்ததும் ஊற்றுவாய்க்கு 12–15 மி.மீ. தடிப்பில் ஒரு மெழுகுத் தண்டும், மேல்நோக்கி முடியும் ஒவ்வொரு நுனியிலிருந்தும் 4–5 மி.மீ. காற்றுப்போக்கியும் வைக்க வேண்டும். விரல் நுனி, மூக்கு, கொம்பு என்று உலோகம் எட்டாமற் போகும் இடங்களெல்லாம் காற்று அடைபட்ட இடங்கள்தான்.

எல்லாம் சேர்த்து இப்போது நிறுங்கள். மெழுகின் நிறையைப் போல் மூன்று மடங்கு அலுமினியம், அதற்குமேல் கால்பங்கு கூடுதல். அரைக்கிலோ மெழுகென்றால் 1.9 கிலோ எடுத்து வையுங்கள். வெண்கலமாக இருந்தால் மெழுகின் ஒன்பது மடங்கு வேண்டியிருக்கும். பாதியில் உலோகம் தீர்ந்தால் அந்த வார்ப்பை ஒட்டவைக்க முடியாது.

அச்சு மண்: முதற் பூச்சுக்குக் குளத்து வண்டலைத் துணியில் சலித்து, அரைத்த உமிக்கரி, கொஞ்சம் சாணிப்பால் சேர்த்துக் கூழாக்குங்கள். தூரிகையால் காற்றுக்குமிழ் இல்லாமல், 3 மி.மீ. தடிப்புக்கு. உருவத்தின் நுட்பமெல்லாம் இந்தப் பூச்சில்தான் பதியும். இரண்டாவது, புற்றுமண்ணும் மணலும். மூன்றாவது, உமி கலந்த பரும்படி மண், ஒரு அங்குலத் தடிப்புக்கு; அதன்மேல் கட்டுக்கம்பி சுற்றி மறுபடி மண். ஒவ்வொரு பூச்சும் நிழலில் காயவேண்டும். வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு வீங்கி மண் பிளக்கும்.

பிறகு வாயைக் கீழே கவிழ்த்துச் சூடாக்கி மெழுகை இறக்கிச் சேகரியுங்கள். அதோடு நிறுத்தாமல், அச்சின் உட்பக்கம் சிவக்கும்வரை வரட்டியிலும் விறகிலும் சுட வேண்டும். ஆறியிராமல், நல்ல சூடாக இருக்கும்போதே ஊற்ற வேண்டும். ஈரம் மிஞ்சிய அச்சில் உலோகம் விழுந்தால் தண்ணீர் ஒரு கணத்தில் ஆவியாகி உலோகத்தையே வீசியடிக்கும். உயிராபத்து இங்கேதான். சீமெந்துத் தரையில் நின்று ஊற்றாதீர்கள். தரைக்குள் இருக்கும் ஈரமே வெடிக்கும். காய்ந்த மணற்குழியில் அச்சைக் கழுத்துவரை புதையுங்கள். தோற் சப்பாத்து, பருத்தி நீளக்காற்சட்டை, முகத்துக்கு மறைப்பு. செருப்போடு நிற்பவரைப் பட்டறைக்குள் விடவேண்டாம்.

எந்த அலுமினியம் என்பதும் முக்கியம். சோற்றுப் பானை, குடிபான ரின் இவை தகடாக உருட்டச் செய்தவை. அச்சுக்குள் சோம்பலாக ஓடும், ரின்னில் கழிவும் மிக அதிகம். எஞ்சின் பிஸ்டன்தான் நல்லது. அதில் சிலிக்கன் கலந்திருப்பதால் தண்ணீராக ஓடி நுனிவரை போகும். பிஸ்டனில் உள்ள இரும்பு வளையங்களைக் கழற்றி, எண்ணெயை எரித்துவிட்டுப் போடுங்கள். உருக்கும் இரும்புச் சட்டியின் உட்புறம் களிமண் பூசிச் சுட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு மெல்லக் கரைந்து வார்ப்பைக் கெடுக்கும். 700–750 பாகைக்கு மேல் போகவிடாதீர்கள். கூடுதலாகக் காய்ச்சினால் காற்றின் ஈரத்திலிருந்து ஐதரசனை உறிஞ்சி, உறையும்போது ஊசித்துளை ஊசித்துளையாக விடும். நனைந்த கரியும் இதே வேலையைத்தான் செய்யும்.

பெரிய உருவமென்றால் ஒரே வார்ப்பில் எடுக்க முயலாதீர்கள். வங்காளச் சிற்பி மீரா முகர்ஜி (1923–1998) மத்திய இந்தியாவின் பஸ்தார்ப் பழங்குடி வார்ப்பாளர்களிடம் கற்ற முறையைப் பெரிய சிற்பங்களுக்குக் கொண்டுபோனபோது துண்டு துண்டாக வார்த்தே இணைத்தார். இணைப்புக் கோடு தெரிந்தால் தெரியட்டும்.

கேள்வி: எண்ணெய்ப் பரல் தகரத்தைக் கோயில் கவசம் போலத் தட்டி முகம் எடுக்கலாமா?
– மல்லாவி வாசகர்

பதில்: எடுக்கலாம், ஆழம் குறையும். சென்னைச் சிற்பி பி.வி. ஜானகிராம் (1930–1995) செப்புத் தகட்டைக் கவசம் போலத் தட்டி, மேலே கம்பிகளை ஒட்டி முன்பக்கம் மட்டும் பார்க்கும் உருவங்களைச் செய்தார். பின்பக்கம் வெற்று, அதுவே அவற்றின் அழகு. செம்பு தரும் இழுவையைப் பரல் இரும்பு தராது. ஆகவே மூக்கு, உதடு போன்ற கூர்மைகளைத் தனித் துண்டாகத் தட்டிப் பிறகு ஒட்டுங்கள்.

200 லீற்றர் பரலின் பக்கத் தகரம் விரித்தால் ஏறக்குறைய 1.8 மீற்றர் நீளம், ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரம், சுமார் 1 மி.மீ. தடிப்பு. பெரிய குழிவுகளை மணல் நிரப்பிய தோற்பையின்மேல், அல்லது முதிரைக் குற்றியில் குடைந்த குழியில் தட்டுங்கள். நுண்வேலைக்கு அரக்குப் படுக்கை வேண்டும்: குங்கிலியம் 1, சலித்த செங்கல் தூள் 1½, எண்ணெய் ஒரு கரண்டி. ஆறியபின் நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், தூளாகக்கூடாது. ஒவ்வொரு சுற்றுத் தட்டலுக்கும் பிறகு சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிடுங்கள். சத்தம் கூர்மையாக மாறியதும் தகரம் விறைத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் ஒரு அடியும் வேண்டாம், கிழியும்.

மூடிய பரலைக் கிறைண்டரால் ஒருபோதும் வெட்டாதீர்கள். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே நிற்கும் எண்ணெய் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். ஏற்கெனவே திறந்து வெட்டியதை வாங்குங்கள். முடியாவிட்டால் சவர்க்கார வெந்நீரால் பலமுறை கழுவி, வெட்டும் கோட்டுக்குக் கீழ்வரை தண்ணீர் நிரப்பி, உளியால் வெட்டுங்கள்.

கேள்வி: காணி துப்புரவாக்கும்போது கிடைக்கும் பழைய இரும்பைச் சிற்பத்துக்கு எடுக்கலாமா?
– புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியாத எதையும் தொட வேண்டாம். உருளையாக, மூடியதாக, செட்டை வைத்ததாக, பாதி புதைந்ததாக இருந்தால் கிட்டப் போகாமல், அசைக்காமல், இடத்தைத் தூரத்திலிருந்து அடையாளப்படுத்தி 119க்கு அறிவியுங்கள். கறள் பிடித்ததால் அது செத்துவிட்டதென்று அர்த்தமில்லை. வெடிபொருள் அகற்றி விடுவித்த காணியில் கிடைத்த மண்வெட்டி, ரிம், நீர்க்குழாய், கூரைத் தகரம் போன்றவற்றை எடுங்கள். யுத்தத்தைப் பற்றிச் சொல்ல யுத்தத்தின் இரும்பேதான் வேண்டும் என்பதில்லை. நசுங்கிய ஒரு குடம் அதைவிடக் கூடச் சொல்லும்.

கேள்வி: நான் வரைந்து கொடுக்கிறேன். ஓலை வேலையைப் பெட்டி இழைக்கும் அம்மாமார் மூவர் செய்கிறார்கள். சிற்பம் யாருடையது? சம்பளம் எப்படிக் கொடுப்பது?
– மாங்குளம் வாசகர்

பதில்: கானாவில் பிறந்து நைஜீரியாவின் நசுக்காவில் வேலை செய்த எல் அனட்சுயி (பிறப்பு 1944) போத்தல் மூடி அலுமினியத்தைச் செப்புக் கம்பியால் கோத்துப் பெருந்துணி போன்ற சிற்பங்கள் செய்கிறார், கோப்பவர்கள் பல உதவியாளர்கள். 2015இல் இத்தாலியின் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது அவருக்குத்தான் கிடைத்தது. பல கைகள் சேர்ந்து செய்வதால் சிற்பி சிறுத்துப்போவதில்லை. கைகளை மறைத்தால்தான் அநியாயம்.

உங்கள் வேலைக்கு எங்கள் அபிப்பிராயம் இது. பின்னலின் வடிவத்தை அவர்களே தீர்மானித்த இடம் ஏதாவது இருந்தால், பெயர்ப் பலகையில் அவர்கள் பெயரும் உங்கள் பெயருக்கு அடுத்து அதே எழுத்தளவில் வரவேண்டும். நீங்கள் கொடுத்த மாதிரியை மட்டும் செய்திருந்தால் "ஓலை வேலை" என்று தனி வரியில் போடுங்கள். சம்பளத்தைப் பெட்டிக்கணக்கில் பேசாதீர்கள். பழகிய கடகத்தை அவர்கள் வேகமாக இழைப்பார்கள், உங்கள் வளைந்த உருவத்தில் மூன்றுதரம் பிரித்து இழைக்க வேண்டிவரும். நாட்கூலியாகக் கொடுங்கள், முதல் மாதிரி பிழைத்துப் போனாலும் அந்த நாளுக்கும் சேர்த்து. குருத்தோலை, சார்வோலை, சாயம் இவற்றின் செலவு உங்களுடையது. சிற்பம் விலைப்பட்டால் அதில் எத்தனை பங்கு என்பதை வேலை தொடங்க முதல் எழுதி, நால்வரும் ஒப்பமிட்டு வையுங்கள்.

கேள்வி: கறள் நிறம் அழகாக இருக்கிறது. பெயின்ற் அடிக்காமல் அப்படியே விடலாமா?
– வவுனியா வாசகி

பதில்: கூரைக்குள் விடலாம். வெளியில் சாதாரண இரும்பின் கறள் ஓரிடத்தில் நிற்காது, தாளாக உரிந்து உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கறளே காப்பாக மாறும் இரும்பு தனி இனம். சாதாரணக் கடைக் கம்பி அதுவல்ல.

உள்ளே வைப்பதற்கு: தளர்ந்த கறளைக் கம்பித் தூரிகையால் நீக்கி, ஈரமில்லாமல் வெயிலில் சூடேற்றுங்கள். தேன்மெழுகு 1, ரேப்பன்ரைன் 3. மெழுகை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்து உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, நெருப்பு ஏதும் அருகில் இல்லாத இடத்தில் ரேப்பன்ரைனைக் கலக்குங்கள். சூடான இரும்பில் துணியால் தேய்த்து, அரை மணித்தியாலம் கழித்துப் பழைய பருத்தித் துணியால் மினுக்குங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிடுங்கள், அது தானாகவே தீப்பிடிக்கக் கூடும். வருடத்துக்கு ஒருமுறை, மாரி தொடங்க முதல் மீண்டும் பூசினால் போதும். ஓலையும் சேர்ந்த வேலையென்றால் இரும்பை மெழுகி மினுக்கிய பிறகே ஓலையைக் கட்டுங்கள்.